வேலையை நிறுத்திய சிறுநீரகங்களில் இருமுறை புற்றுநோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி ஆண். சந்தேகம் எழுந்தபோது வயது 47. எட்டு ஆண்டுகளுக்கு முன், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்தோடும் மூச்சுத் திணறலோடும் வந்தபோதுதான் சிறுநீரகங்கள் செயலிழந்திருப்பது தெரியவந்தது. அப்போதே இரண்டும் சுருங்கிப் போயிருந்ததால் பயாப்ஸி எடுக்கவில்லை. நாள்பட்ட குளோமெருலோநெப்ரைட்டிஸாக (சிறுநீரக வடிகட்டிகளின் அழற்சி) இருக்கலாம் என்ற அனுமானத்தோடு, இடது கையில் ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) அமைத்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தொடங்கப்பட்டது. மூன்றாம் ஆண்டிலேயே சிறுநீர் முற்றிலும் நின்றுவிட்டது. பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் குடும்பத்தில் இல்லை. முன்பு புகைத்தவர், டயாலிசிஸ் தொடங்கியதும் நிறுத்தியவர்.

குடும்பத்தில் பொருந்தும் கொடையாளர் கிடைக்காததால், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் இருந்தார். டயாலிசிஸைத் தவறவிடாதவர்; இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே எடை ஏறாமல் பார்த்துக்கொள்பவர். எந்தப் பிரிவிலும் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. ஃபிஸ்துலா நன்றாக ஓடுகிறது, பொட்டாசியம் சரியாக இருக்கிறது, அடுத்த படுக்கைக்குப் போகலாம் என்றே சுற்று முடிந்துவிடும்.

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. மருத்துவப் போக்கு மாற்றப்படவில்லை.

முதல் அறிகுறி: இரத்தச்சோகை குறைந்தது

வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. கண்ணில் பட்டது மாதாந்திர இரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்த ஒரு நல்ல செய்தி. பல ஆண்டுகளாக எரித்ரோபாய்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) ஊசி வாரம் மூன்று முறை 4000 யூனிட் போட்டும் ஹீமோகுளோபின் 10-ஐச் சுற்றியே நின்றவர் இவர். ஆறு மாதங்களில் அது 11, 12 என ஏறியது. ஊசி வாரம் ஒன்றாகக் குறைக்கப்பட்டது, பிறகு நிறுத்தப்பட்டது. நிறுத்திய பிறகும் 13.4 வரை போனது.

நோயாளிக்கு மகிழ்ச்சி. மாடிப்படி ஏற முடிகிறது, முகத்தில் களை வந்துவிட்டது என்றார். பிரிவிலும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஊசி குறைந்தால் யார்தான் கேள்வி கேட்பார்கள்? மாத அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்த செவிலியர்தான், "ஊசியே போடாம ஏறுது டாக்டர், ஏன்னு தெரியல" என்று எடுத்துச் சொன்னார்.

டயாலிசிஸ் நோயாளிக்கு ஊசியில்லாமல் ஹீமோகுளோபின் ஏறினால் யோசிக்க வேண்டிய காரணங்கள் சில உண்டு. உலர் எடையை (மிகைநீர் நீங்கிய பிறகு இருக்க வேண்டிய எடை) தவறாகக் கணித்து உடல்நீரை அதிகம் எடுத்தால் இரத்தம் செறிவாகி எண் உயர்ந்து தெரியும். நுரையீரல் நோயால் ஆக்சிஜன் குறைந்தாலும் ஏறும். கல்லீரல் அழற்சியின்போதும் எரித்ரோபாய்டின் சுரப்பு கூடலாம். இந்த மூன்றும் பரிசோதித்து விலக்கப்பட்டன. மீதமிருந்தது சிறுநீரகம்தான். நீண்ட கால டயாலிசிஸில் சுருங்கிய சிறுநீரகங்களில் புதிதாக நீர்க்கட்டிகள் முளைக்கும். அவற்றைச் சுற்றியுள்ள திசு எரித்ரோபாய்டினைச் சுரக்கக்கூடும். சிறுநீரகப் புற்றுநோயும் அதையே செய்யக்கூடும்.

பிறவியில் இல்லாமல் பின்னால் வரும் இந்த நீர்க்கட்டி நோய் (acquired cystic kidney disease) டயாலிசிஸ் நோயாளிகளிடம் முதன்முதலில் 1977-இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. பரம்பரை நோய் இல்லாதவருக்கு ஒவ்வொரு சிறுநீரகத்திலும் மூன்றுக்கு மேற்பட்ட நீர்க்கட்டிகள் இருந்தால் இந்தப் பெயர் சூட்டப்படுகிறது. டயாலிசிஸ் ஆண்டுகள் கூடக்கூட இது பரவலாகும். பத்தாண்டு கடந்தவர்களில் பெரும்பாலோரிடம் காணலாம். பெண்களைவிட ஆண்களிடம் வேகமாக வளரும். புற்றுநோய் பெரும்பாலும் இந்த நிலத்தில்தான் விளைகிறது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளை உள்ளடக்கி 1999-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சிறுநீரகப் புற்றுநோய் பொதுமக்களைவிடச் சுமார் 3.6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

அல்ட்ராசவுண்டும் சி.டி.யும்

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அல்ட்ராசவுண்டு அறிக்கை கோப்பில் இருந்தது: இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியுள்ளன, சில நீர்க்கட்டிகள், வலது 7.4 செ.மீ. இப்போது எடுத்ததில் வலது 9.6 செ.மீ. சுருங்க வேண்டிய உறுப்பு வளர்ந்திருந்தது. இரண்டிலும் எண்ண முடியாத அளவு நீர்க்கட்டிகள். வலதின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 3 செ.மீ. அளவில் திடமான ஒரு பகுதி.

அடுத்தது சாய ஊசியுடன் சி.டி. ஸ்கேன். இங்கே ஒரு சிறிய இழுபறி நடந்தது. கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்த அளவு) 9 என்று படிவத்தில் பார்த்ததும், சாயம் போட முடியாது என்று ஸ்கேன் பிரிவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அவர்களின் எச்சரிக்கை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் சாயத்தால் கெடக்கூடிய செயல்பாடு எதுவும் இவரிடம் மிஞ்சியிருக்கவில்லை. சிறுநீர் நின்றுபோனவருக்கு அயோடின் சாயம் போடலாம். வழக்கமான அடுத்த டயாலிசிஸே போதும், உடனடியாகத் தனியே ஒன்று தேவையில்லை. சிறிதளவாவது சிறுநீர் போகிறவராக இருந்தால் கணக்கு வேறு. இதைத் தொலைபேசியில் பேசித் தெளிவுபடுத்திய பிறகு ஸ்கேன் நடந்தது. சாயமில்லாமல் எடுத்திருந்தால் இந்தக் கட்டியைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

வலது கட்டி 3.2 செ.மீ. சாயத்துக்கு முன் 36 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் காட்டும் அளவு), பின் 61. இருபதுக்கு மேல் ஏறினால் இரத்த ஓட்டமுள்ள திசு என்று கொள்வது வழக்கம். இந்த ஏற்றம் பெரியதாகத் தோன்றாது. ஆனால் இரத்த ஓட்டம் வற்றிய சிறுநீரகத்தில் புற்றுக்கட்டிகளும் மங்கலாகவே ஒளிரும். சாதாரணச் சிறுநீரகத்தில் எதிர்பார்க்கும் பளிச்சென்ற படத்தைத் தேடினால் தவறவிடுவோம். இடது சிறுநீரகத்தில் 1.4 செ.மீ. அளவில் சற்றே தடித்த சுவர் கொண்ட ஒரு நீர்க்கட்டி இருந்தது. நீர்க்கட்டிகளைப் புற்று அபாயப்படி பிரிக்கும் போஸ்னியாக் வகைப்பாட்டில் IIF, அதாவது கண்காணிக்க வேண்டியது. நிணநீர் முடிச்சுகள், சிரை, நுரையீரல் யாவும் தெளிவாக இருந்தன.

முதல் முடிவு: வலதை அகற்றுதல்

"வேலையே செய்யாத கிட்னில எப்படி டாக்டர் கேன்சர் வரும்?" என்று அவர் மனைவி கேட்டார். இந்தக் கேள்வியைப் பல குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. வடிகட்டும் வேலை நின்றாலும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆண்டுக்கணக்காக அழற்சியில் கிடக்கின்றன, வளர்ச்சித் தூண்டல்களுக்கு ஆளாகின்றன, பிரிந்துகொண்டே இருக்கின்றன. இதை அவருக்குப் புரியும்படி சொன்னதும், "அப்ப எடுத்துடுங்க, எதுக்கு அது" என்றார் நோயாளி.

பயாப்ஸி பற்றிப் பேசப்பட்டது, வேண்டாமென்று முடிவானது. முடிவு எதுவாக வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. நீர்க்கட்டிகளுக்கு நடுவே ஊசி எங்கே போகிறது என்பது நிச்சயமில்லாததால், புற்று இல்லை என்று வரும் அறிக்கையை நம்ப முடியாது. டயாலிசிஸின்போது ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பெறும் நோயாளிக்கு இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. கட்டியை மட்டும் வெட்டியெடுக்கும் அறுவைக்கும் இங்கே பொருளில்லை. மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்வது அது. இவரிடம் காப்பாற்ற ஒன்றுமில்லை.

நெடுநேரம் விவாதித்தது இடது சிறுநீரகத்தைப் பற்றித்தான். ஒரே அறுவையில் இரண்டையும் எடுத்துவிடலாம் என்பது அறுவை நிபுணரின் முதல் யோசனை. அதற்கு வலுவான நியாயம் இருந்தது: அடுத்த பக்கமும் அதே நிலைமையில்தான் இருக்கிறது, விரைவில் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளும் வரப்போகின்றன, சிறுநீர் நின்றுவிட்டதால் இழப்பும் இல்லை. எதிர்த் தரப்பில், இரண்டையும் சேர்த்து எடுத்தால் அறுவை நேரமும் இரத்த இழப்பும் கூடும். பிறகு இரத்த அழுத்தம் விழுந்தால் ஃபிஸ்துலா அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. சிறுநீரகமே இல்லாத டயாலிசிஸ் நோயாளிக்கு இரத்தச்சோகை கடுமையாகும். இரத்தம் ஏற்ற வேண்டிவந்தால் எதிர்ப்பொருள்கள் உருவாகி, பொருந்தும் கொடையாளர் கிடைப்பது மேலும் கடினமாகும். என் கருத்தில் இந்தக் கடைசிக் காரணமே தராசைச் சாய்த்தது. பட்டியலில் இருப்பவருக்கு ஒரு பாட்டில் இரத்தம்கூட இலவசமில்லை. இடதை விட்டுவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று முடிவெடுத்தோம். நோயாளியும் அதையே விரும்பினார்.

முந்தைய நாள் டயாலிசிஸ் செய்து, வயிற்றறையின் உறைக்குள் புகாமல் பின்புற வழியாக லேப்ராஸ்கோபியில் வலது சிறுநீரகம் அகற்றப்பட்டது. உறை சேதமாகாவிட்டால், எப்போதாவது வயிற்று டயாலிசிஸ் தேவைப்பட்டால் அந்த வழி திறந்திருக்கும். ஃபிஸ்துலா உள்ள கையில் இரத்த அழுத்தப் பட்டையோ ஊசியோ வேண்டாம் என்று அறுவை அரங்கில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப்பட்டது. அடுத்த சில டயாலிசிஸ்கள் ஹெப்பாரின் இல்லாமல் நடந்தன. குறிப்பிடும்படியான சிக்கல் எதுவும் இல்லை.

திசு அறிக்கை

நீர்க்கட்டி நோயோடு சேர்ந்து வரும் சிறுநீரக செல் புற்றுநோய், 3.1 செ.மீ., நிலை pT1a (சிறுநீரகத்துக்குள் அடங்கிய, 4 செ.மீ. வரையிலான கட்டி), தரம் 3, விளிம்புகள் தெளிவு. சல்லடை போன்ற அமைப்பும் கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் இருந்தன. டயாலிசிஸ் சிறுநீரகங்களுக்கே உரிய இந்த வகையை உலக சுகாதார நிறுவனம் 2016 வகைப்பாட்டில் தனியாக ஏற்றுக்கொண்டது. செல்லின் உட்கருவில் உள்ள நியூக்ளியோலஸ் பெரிதாகத் தெரிவது இந்த வகையின் இயல்பு என்பதால், தரம் 3 என்று வருவது வழக்கமே; அதை மட்டும் பார்த்துக் கலங்கத் தேவையில்லை என்று நோய்க்குறியியல் நிபுணர் குறிப்பு எழுதியிருந்தார்.

அதே சிறுநீரகத்தில் 5 மி.மீ. அளவில் இன்னொரு புள்ளியும் இருந்தது. ஸ்கேனில் அது தெரிந்திருக்கவில்லை. இடது சிறுநீரகத்தைக் கண்காணிக்கும் திட்டத்தை யாரும் மறக்கக்கூடாது என்பதற்கு அந்த 5 மி.மீ.யே போதுமான காரணமாக இருந்தது.

மாற்று அறுவைக்கு எவ்வளவு காத்திருப்பது?

வழிகாட்டுதல்கள் இந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச அமைப்பான கேடிகோவின் (KDIGO) 2020 வழிகாட்டுதல், தற்செயலாகக் கண்ட 3 செ.மீ.க்குக் குறைவான கட்டிக்குக் காத்திருப்பு தேவையில்லை என்கிறது. தொடக்கநிலைப் புற்றுநோய்க்குக் குறைந்தது 2 ஆண்டு. அமெரிக்க உறுப்பு மாற்று சங்கத்தின் கருத்தொருமிப்பு அறிக்கையோ 4 செ.மீ. வரையிலான T1a கட்டியை அகற்றிய பின் காத்திருக்க வேண்டாம் என்கிறது. இவருடைய கட்டி 3.1. ஒரு மில்லிமீட்டருக்காக இரண்டு ஆண்டு டயாலிசிஸா?

தராசின் இரு தட்டுகளிலும் உயிர்தான் இருந்தது. முழுமையாக அகற்றிய சிறிய T1a கட்டி திரும்பி வந்து உயிரைப் பறிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. டயாலிசிஸில் ஒவ்வோர் ஆண்டும் இதய நோயாலும் தொற்றாலும் இறக்கும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு. டயாலிசிஸ் ஆண்டுகள் கூடுவதே இடது சிறுநீரகத்தில் புதிய புற்று வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. மாற்றாக, வெற்றிகரமான மாற்று அறுவைக்குப் பின் நீர்க்கட்டிகள் சுருங்குவதாகப் பதிவுகள் உள்ளன. எதிர்ப்பக்கத்தில் எதிர்ப்புக்குறைப்பு மருந்துகளின் கவலை. இவற்றைப் புற்றுநோய் மருத்துவர், அறுவை நிபுணர், சிறுநீரக மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஆறாம் மாத ஸ்கேன் தெளிவாக இருந்தால் பட்டியலில் மீண்டும் செயல்நிலைக்குக் கொண்டுவரலாம் என்று எழுத்தில் பதிவு செய்தார்கள். யார், ஏன், எந்த அடிப்படையில் என்பது கோப்பில் இருந்தால்தான், உறுப்பு கிடைத்த நள்ளிரவில் பணியில் இருக்கும் வேறொரு மருத்துவர் தயங்காமல் இருப்பார்.

மாற்று அறுவையும் பின்தொடர்ந்த கண்காணிப்பும்

புற்று அறுவைக்குப் பதினான்கு மாதம் கழித்து மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் கிடைத்தது. தொடக்கத்தில் பாசிலிக்சிமாப் கொடுக்கப்பட்டது; டி-செல்களை (நோய் எதிர்ப்புச் செல்கள்) அழிக்கும் கடுமையான மருந்து வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது. பிறகு வழக்கமான எதிர்ப்புக்குறைப்பு மருந்துகள்: டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன். கிரியேட்டினின் 1.2-இல் நிலைத்தது.

கண்காணிப்பில் நடைமுறைச் சிக்கல் ஒன்று முதல் ஸ்கேனிலேயே தெரிந்தது. மாற்று அறுவை செய்தவருக்கு அல்ட்ராசவுண்டு என்று எழுதி அனுப்பினால், அடிவயிற்றில் இருக்கும் புதிய சிறுநீரகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கருவியை எடுத்துவிடுகிறார்கள். முதுகுப்புறம் கிடக்கும் பழையதை யாரும் தேடுவதில்லை. அறிக்கையும் "மாற்றுச் சிறுநீரகம் இயல்பு" என்ற ஒரே வரியோடு வரும். படிப்பவருக்கு எல்லாம் நலம் என்றே தோன்றும். அன்றைக்கே திருப்பி அனுப்பி இடது சொந்தச் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொன்னோம். 6, 12, 18-ஆம் மாதங்களில் மாற்றமில்லை. சில நீர்க்கட்டிகள் சிறுத்திருந்தன.

இரண்டாவது கட்டி

மாற்று அறுவைக்கு இரண்டு ஆண்டு கழிந்த ஸ்கேனில், இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு நீர்க்கட்டியின் சுவரில் 1.6 செ.மீ. முடிச்சு தெரிந்தது. முன்பு கண்காணித்துவந்த நீர்க்கட்டி அல்ல இது, புதிய இடம்.

அதே நோயாளி, அதே கேள்வி. சாயம் பற்றிய விடை மட்டும் இப்போது தலைகீழ். இன்று காப்பாற்ற வேண்டிய சிறுநீரகம் ஒன்று இருக்கிறது. எனவே முதலில் நுண்குமிழி ஊசியுடன் அல்ட்ராசவுண்டு செய்யப்பட்டது. அந்தக் குமிழிகளின் வாயு நுரையீரல் வழியே மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. முடிச்சுக்குள் இரத்த ஓட்டம் உறுதியானது. பரவலைப் பார்க்க, பாதுகாப்பான வகைக் கடோலினியத்துடன் (எம்.ஆர்.ஐ.க்கான சாயம்) எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது, மாற்றுச் சிறுநீரகத்தின் வடிதிறன் 60-க்கு மேல் இருந்ததால் அதில் தயக்கம் இருக்கவில்லை. பரவல் இல்லை.

இம்முறை விவாதம் நீளவில்லை. இடது சிறுநீரகமும் லேப்ராஸ்கோபியில் அகற்றப்பட்டது. கவனம் முழுதும் மாற்றுச் சிறுநீரகத்தின் மேல் இருந்தது: இரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பது, நீர்ச்சத்து, டாக்ரோலிமஸ் வேளை தவறாமல் கொடுப்பது, அறுவை வேளையில் ஸ்டீராய்டு அளவை ஈடுகட்டுவது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் வலிக்கு வேண்டாம் என்பதை அறுவைப் பிரிவின் வழக்கமான மருந்துச் சீட்டில் கைப்பட அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. கிரியேட்டினின் 1.5 வரை ஏறி, பத்து நாளில் 1.3-க்குத் திரும்பியது. அறிக்கை: பாப்பில்லரி வகைப் புற்றுநோய், 1.8 செ.மீ., pT1a, தரம் 2. முதலாவதன் பரவல் இல்லை, தனியே முளைத்த வேறு புற்று.

மருந்து மாற்றம்

எதிர்ப்புக்குறைப்பு மருந்துகளை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. எவரோலிமஸ் போன்ற எம்டோர் தடுப்பான்கள் (செல் வளர்ச்சியைத் தூண்டும் mTOR புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்புக்குறைப்பு மருந்துகள்) மாற்று நோயாளிகளில் தோல் புற்றுநோயைக் குறைப்பதற்குச் சான்று உண்டு. முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கான மருந்தாகவும் எவரோலிமஸ் 2009-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆனால் முழுமையாக அகற்றிய சிறிய கட்டிக்குப் பிறகு அது புதிய புற்றைத் தடுக்கும் என்பதற்கு நேரடிச் சான்று வலுவாக இல்லை. சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் போன பிறகு மாற்றியாக வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. இருமுறை புற்று வந்தவர், மொத்த எதிர்ப்புக்குறைப்பைத் தாழ்த்துவதில் இழப்பு குறைவு என்ற எண்ணத்தில் மாற்ற முடிவெடுத்தோம். புண் ஆறுவதை இந்த மருந்து தாமதப்படுத்தும் என்பதால் எட்டு வாரம் காத்திருந்து, சிறுநீரில் புரதம் இல்லை, கொடையாளருக்கு எதிரான எதிர்ப்பொருளும் இல்லை என்று உறுதிசெய்தபின் மைக்கோஃபினோலேட்டுக்குப் பதில் எவரோலிமஸ் தொடங்கி, டாக்ரோலிமஸ் அளவையும் குறைத்தோம். முதல் மாதம் வாய்ப்புண், பிறகு கொழுப்பு ஏற்றம், ஸ்டாட்டின் சேர்க்கப்பட்டது. நிராகரிப்பு வரவில்லை.

தற்போதைய நிலை

இரண்டாம் அறுவைக்கு ஓராண்டுக்குப் பின் கிரியேட்டினின் 1.3, ஹீமோகுளோபின் 12.8. மார்பு, வயிறு இரண்டிலும் மீள்வு இல்லை. "புதுசா வச்ச கிட்னிலயும் வருமா டாக்டர்?" என்று கேட்டார். வரலாம், ஆனால் அரிது. மாற்று நோயாளிகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பழைய சிறுநீரகங்களில்தான். இவரிடம் அவை இப்போது இல்லை. மாற்றுச் சிறுநீரகத்தை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

பிரிவில் மாற்றியவை

பட்டியலில் உள்ளவர்களில் டயாலிசிஸ் மூன்று ஆண்டைக் கடந்தவர்களுக்கும், நீர்க்கட்டி நோய் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும் ஆண்டுக்கொரு அல்ட்ராசவுண்டு. கேடிகோ 2020-உம் இத்தகையோருக்கு மாற்று அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்டு செய்யலாம் என்றே சொல்கிறது, சான்று வலுவானதல்ல என்ற குறிப்போடு. டயாலிசிஸில் உள்ள எல்லோருக்கும் இதை விரிக்கவில்லை. முதுமையும் இதய நோயும் சேர்ந்து ஆயுள் குறுகியவருக்கு, அறிகுறி இல்லாதபோது ஒரு நீர்க்கட்டியைக் கண்டுபிடித்துப் பரிசோதனைமேல் பரிசோதனையாக அலையவிடுவதில் பயனில்லை. வேண்டாம் என்று அவரோடு பேசி எழுதிவைக்கிறோம்.

எரித்ரோபாய்டின் தேவை மூன்று மாதம் தொடர்ந்து காரணமின்றிக் குறைந்தால் ஸ்கேன். இது புற்றுக்கான சோதனை என்று சொல்ல மாட்டேன். பலரிடம் வெறும் நீர்க்கட்டிகளே இருக்கும். சிறுநீர் நின்றவருக்கு இரத்தமாக ஏதேனும் கசிந்தாலோ, இடுப்பின் பக்கவாட்டில் திடீர் வலி வந்தாலோ அதே நாளில் ஸ்கேன்.

மாற்று நோயாளிகளின் ஸ்கேன் படிவத்தில் இப்போது மூன்று கட்டங்கள் அச்சிடப்பட்டுள்ளன: மாற்றுச் சிறுநீரகம், வலது சொந்தச் சிறுநீரகம், இடது சொந்தச் சிறுநீரகம். அகற்றப்பட்டிருந்தால் "இல்லை" என்று எழுத வேண்டும். கட்டம் காலியாக வந்தால் அறிக்கை திரும்பிப் போகும்.